புகை வலிக்குமோ?

புதிதாகச் சீருடை போட்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, தீயைப் பற்றி உங்களுக்குப் பயிற்சியில் எல்லாம் சொல்லியிருப்பார்கள். ஏணி ஏறுவது, முடிச்சுப் போடுவது, தண்ணீர் அடிப்பது என்று எல்லாவற்றிலும் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் ஓய்வு பெற்று வந்து, ஊரில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்ட பிறகும் குழாயை விட மனசு வரவில்லை என்று வீட்டுக்காரி கிண்டல் செய்கிறாள். ஆனால் ஒரு கேள்வியைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்றைக்காவது தொண்டை கரகரக்கிறது என்று ஒரு டாக்டரிடம் போய் உட்காருவீர்கள். நம் பாலக்காட்டுப் பக்கத்து டாக்டர் மலையாளத்தில் கேட்பார்: "புக வலிக்குமோ?" பீடி, சிகரெட் பிடிப்பீர்களா என்று அர்த்தம். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. தமிழில் வலி என்றால் நோவு. இரண்டு பாஷைக்கும் நடுவில் வளர்ந்த நமக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். தெரிந்துமே ஒருவர் அந்தக் கேள்விக்கு "இல்ல" என்று பதில் சொன்னார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதனால் அவர் பட்டதையும், அதற்குப் பிறகு நான் கண்ட அதிசயத்தையும் சொல்கிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நிலையத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அப்போது லீடிங் ஃபயர்மேன் என்று ஒரு பதவி இருந்தது. எங்கள் நிலையத்தில் லீடிங் என்றால் அவர்தான். தேவிகுளத்துக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவர். அந்தக் குளிரிலிருந்து கிழக்குப் பாலக்காட்டு வெயிலுக்கு வந்தவருக்குத் தீயைவிட எங்கள் ஊர்ச் சித்திரை மாசம்தான் பெரிய சோதனை. பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டு நிலையத்து வாசலில் நின்று எங்கள் ஊரையே திட்டுவார்.

அந்தத் திட்டு சந்தைவரைக்கும் கேட்கும். அப்படி ஒரு குரல். ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவில் இருக்கும் ஆளைக் கூப்பிட்டே பழகிய குரல். அவர் "தண்ணி" என்று சொன்னால் வண்டியில் இருப்பவன் கையே தானாக வால்வைத் திறந்துவிடும். என்னை "கொங்கு" என்றுதான் கூப்பிடுவார். நான் எதைச் சொன்னாலும் "ங்க" போட்டுச் சொல்வது அவருக்குப் பெரிய வேடிக்கை. ஒருமுறை ஓட்டு வீட்டுத் தீயில், "வெளிய வாங்கண்ணா, உத்தரம் உழுகுதுங்க" என்று கத்தினேன். உத்தரம் விழுவதற்குள் வெளியே வந்தவர் முதலில் பேசியதே இதுதான்:

"ஏலே கொங்கு, நீ ங்க போட்டு முடிக்கதுக்குள்ள நான் செத்துருப்பேம்லே. தீக்கிட்ட என்னத்துக்கு மரியாதை?"

"தீக்கு இல்லீங்கண்ணா, உங்களுக்குங்க."

வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை கூடிய ஒரு நாள் பகலில் அந்தத் தீ பிடித்தது. சந்தைக்கு ஓரமாக ஒரு ஆக்கிரிக்கடை இருந்தது. பழைய சாமான் வாங்கிப் பிரித்து விற்கிற கிடங்கு. பழைய மின்கம்பி, உடைந்த குடம், பெயிண்ட் டப்பா, கிழிந்த மெத்தை, எல்லாம் கூரை முட்ட அடைந்து கிடந்தன. நாங்கள் போகும்போது வியாபாரிகள் மாடுகளின் கயிற்றை அறுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். மாடுகள் சாலை முழுக்க ஓடின. வண்டி நகர முடியாமல் லீடிங் இறங்கி முன்னால் நடந்து, அந்தக் குரலாலேயே மாடுகளை ஒதுக்கிக்கொண்டு போனார்.

புகையைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். வைக்கோல் புகை, சருகுப் புகை எல்லாம் எனக்குப் பழக்கம். இது கறுப்பும் பச்சையும் கலந்து, கதவிலிருந்து தரையோடு தரையாக வழிந்து வந்தது. பயத்தோடு, சொல்ல வெட்கமாக இருந்தாலும், பிரமிப்பும் இருந்தது. இவ்வளவு பெரியதாக ஒன்று இவ்வளவு அமைதியாகக் கிளம்பி வருகிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். லீடிங் என் முதுகில் ஒன்று வைத்தார். சாமான் பிரிக்கிற ஆள் ஒருவர் சாப்பிட்டுவிட்டு உள்ளே பின்பக்கம் படுத்திருக்கிறார் என்று கடைக்காரர் அழுதுகொண்டே சொன்னார்.

எங்களிடம் இருந்த மூச்சுக்கருவிகள் உள்ளே போகும் இரண்டு பேருக்குத்தான் போதும். செட் என்போம் அதை. ஒன்றை நான் மாட்டிக்கொண்டேன். மற்றது லீடிங்குக்கு உரியது. அதைக் கழற்றி என்னோடு வரும் ஆளுக்கு மாட்டிவிட்டார். "நான் வாசல்ல நிக்கேன். வழி தெரியலேன்னா என் சத்தத்தப் புடிச்சிட்டு வாங்க" என்றார். தோளில் கிடந்த தோர்த்தைத் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டார். அந்த மெல்லிய துண்டுதான் அவருக்கு இருந்த பாதுகாப்பு. கத்த வேண்டும் என்பதால் அதையும் வாய்க்கு மேலே ஏற்றிவிட்டிருந்தார்.

உள்ளே போனோம். ஆளையும் கண்டுபிடித்தோம். திரும்பும்போது வழி தப்பிவிட்டது. சாமான்களுக்கு நடுவில் இருந்த சந்து ஒன்றுக்கு மூன்றாகத் தெரிந்தது. எப்படியோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தோம். ஷட்டர் பக்கம் வெளிச்சம் தெரிந்தபோது லீடிங் அங்கேயே நின்றிருந்தார். அவரைச் சுற்றிப் புகை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் ஷட்டரைப் பிடித்தபடி வாயைத் திறந்து கத்திக்கொண்டே இருந்தார். சந்தையே ஓரமாக நின்று பார்த்தது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சந்தை முழுக்க ஒரே பேச்சுத்தான். "அந்தச் சார் சத்தம்தான் மூணு உசுரைக் காப்பாத்துச்சு" என்றார்கள். அப்புறம் அது எங்கள் நிலையத்தில் கதையாகி, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லப்பட்டது. நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

தீ அணைந்ததும் சந்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தோம். முகம், கழுத்து, கை எல்லாம் கரி. கடைக்காரர் வாளித் தண்ணீர் கொண்டுவந்து கை கழுவச் சொன்னார். "தீயத் தொட்ட கையில என்ன அழுக்கு இருக்கு" என்று லீடிங் அந்தக் கையாலேயே பொறோட்டாவைப் பிய்த்தார். நாங்களும் அப்படியே சாப்பிட்டோம். அப்போது ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார்.

"ஏனுங்க சார், புள்ளைக்கு ஒரு திட்டிப் பொட்டு வெச்சு உடுங்க. உங்க கையில இருக்கற கரி எந்தக் கண்ணையும் அண்ட உடாதுங்க."

லீடிங் கட்டை விரலைத் தன் தலைக்கவசத்தில் தேய்த்து, குழந்தையின் கன்னத்தில் அழகாக ஒரு பொட்டு வைத்தார். இது எங்களுக்குப் புதிதல்ல. பெரிய தீக்குப் போய்த் திரும்பினால் குவார்ட்டர்ஸில் இருக்கும் குழந்தைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். என் மகள் கன்னத்திலும் அந்தப் பொட்டு இருந்திருக்கிறது. சட்டையைத் துவைக்காமல் ஒரு நாள் கொடியில் போட்டு வைப்போம், வீட்டில் புகை மணம் இருந்தால் பெருமை. எரிந்த மெத்தையும் கம்பியும் உருகிப் படிந்த கரி அது. விஷம் என்று தெரியாமல் திருஷ்டி கழிக்க வைத்தோம். என் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவள் வீட்டுக்கு வந்தால் என் கண் முதலில் அந்தக் கன்னத்துக்குத்தான் போகிறது.

அதற்குப் பிறகும் எத்தனையோ தீ, எத்தனையோ புகை. லீடிங்குக்கு வந்த நோய் அந்த ஒரு நாள் புகையால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது, டாக்டரும் சொல்லவில்லை. பணியின் கடைசி வருஷங்களில் லீடிங்கின் குரல் கம்மத் தொடங்கியது. "என்னங்கண்ணா, ஸ்டேஷன் சரியா எடுக்கலையா?" என்று ரேடியோவைச் சொல்வதுபோல் கேலி செய்தோம். மிளகு தின்றார், தேன் குடித்தார், கட்டன் சாயாவில் இஞ்சி தட்டிப் போட்டார். கடைசியில் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"புக வலிக்குமோ?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டரே. வெத்தில முறுக்கான்கூட கிடையாது" என்றார் லீடிங். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கிடைத்த பதிலுக்குத் தகுந்த மருந்து எழுதினார். தூசியால் வந்த அலர்ஜி என்று ஒரு டானிக் கொடுத்தார். அன்று லீடிங் சீருடையில் இல்லை, கட்டம் போட்ட லுங்கியும் சட்டையுமாக இருந்தார். என்ன வேலை என்று டாக்டர் கேட்கவில்லை, நாங்களாகச் சொல்லவும் இல்லை. எனக்கும் தோன்றவே இல்லை. எங்கள் கணக்கில் புகை என்றால் ஒருவன் காசு கொடுத்து வாங்கி இழுப்பது. அரசாங்கம் வேலைக்கு எடுத்து, மணியடித்து அனுப்பி, எங்களை இழுக்க வைத்தது அந்தக் கணக்கில் சேரவில்லை. டானிக்கிலேயே மாதங்கள் ஓடின.

அப்புறம் ஒரு நாள் தென்னந்தோப்புக் கிணற்றில் பசு ஒன்று விழுந்துவிட்டது. நான் கயிற்றில் இறங்கிப் பசுவின் வயிற்றுக்கடியில் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பசு மிரண்டு என்னைச் சுவரோடு நெருக்கியது. மேலே பார்த்தேன். கிணற்று விளிம்பில் லீடிங் குனிந்து நின்று எதையோ கத்துகிறார். வாய் திறக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒரு சத்தமும் வரவில்லை. பசு நெருக்கியபோது வராத பயம் எனக்கு அதைப் பார்த்தபோது வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சட்டென்று கயிற்றை இழுத்ததால் எனக்கும் பசுவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே ஏறி வந்ததும் நான் பார்த்தது அவர் கண்ணைத்தான். அதற்கு முன் அந்தக் கண்ணில் நான் பயத்தைக் கண்டதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நானும் அவர் மனைவியும். அந்த அக்காவும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்தான். அங்கே இருந்த டாக்டரம்மா சோதனைகள் எல்லாம் முடித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். லீடிங் அதே பதிலைச் சொன்னார். பேனாவை எடுத்து எழுதப் போன டாக்டரம்மா நிறுத்திவிட்டு நிமிர்ந்து, என்ன வேலை என்று கேட்டார்.

"பின்னே, எந்தா ஜோலி?"

"ஃபயர் ஃபோர்ஸ்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ நிங்ஙள் ஜோலி முழுவனும் வலிச்சது புகயல்லே, சேட்டா?" என்றார். வேலைக்காலம் முழுக்க நீங்கள் இழுத்தது புகைதானே என்று கேட்கிறார். லீடிங் என்னைப் பார்த்தார். 

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உருகுகிற பிளாஸ்டிக்கும் மெத்தையும் பெயிண்டும் காற்றில் கலந்து வருவது வெறும் புகை இல்லை. ஈரத் துண்டு அதைத் தடுக்காது. கரியாகப் படிந்தது தோல் வழியாகவும் உள்ளே போகும். தீயணைக்கும் வேலையையே புற்றுநோய் வரவைக்கும் வேலைகளில் ஒன்றாக உலகத்து ஆராய்ச்சியாளர்கள் சேர்த்துவிட்டார்கள். பிறகு முக்கியமானதைச் சொன்னார். குரல்வளையில் புற்று வளர்ந்துவிட்டது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தள்ளிப் போட்டால் அது பரவும், மூச்சையும் அடைக்கும்.

"எடுத்தா பேச்சு?" என்று கேட்டார் லீடிங். கேட்டதே காற்றாகத்தான் வந்தது.

பேச்சு போகும், வேறு வழியில் கொஞ்சம் பேசக் கற்றுக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. லீடிங் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார்.

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். அக்கா என்னிடம்தான் பேசினார், ஆனால் அவருக்குக் கேட்கும்படி.

"நான் என்ன இவரு சத்தத்தையா கட்டிக்கிட்டு வந்தேன்? கல்யாணம் ஆன நாள்லருந்து காது வலிக்கி. சத்தம் போவட்டும், ஆளு இருக்கட்டும்னு சொல்லுங்க தம்பி."

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

லீடிங் என் பக்கம் திரும்பினார். காதை அவர் வாய்க்கருகே கொண்டுபோனால்தான் கேட்டது. "சத்தம் இல்லாத லீடிங் என்னத்துக்குலே? அன்னைக்கு ஆக்கிரிக்கடையில என் சத்தம் இல்லேன்னா நீ இருந்திருப்பியா? அந்தச் சத்தத்தக் குடுத்துட்டு உசுர மட்டும் வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

தம்பிகளே, அந்த இடத்தில் என்ன பேசுவது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. தைரியம் சொல்லலாம், சாமியைத் துணைக்கு அழைக்கலாம், குழந்தைகளை நினைவுபடுத்தலாம். என் வாயில் வந்தது இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்த உண்மை.

"அண்ணா, அன்னைக்கு உங்க சத்தம் எனக்குக் கேக்கவே இல்லீங்க."

அவர் முறைத்தார்.

"செட்டு மாட்டுனா காதுல நம்ம மூச்சுதானுங்க கேக்கும். மேல தகரம் வேற படபடன்னு வெடிச்சுட்டு இருந்துச்சு. ஒரு வார்த்தை கேக்கலீங்க. நீங்க ஷட்டரைத் தட்டுனீங்க. ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி ரெண்டு தட்டு. அந்த அதிர்வு தரையில வந்துச்சுங்க. அதைப் புடிச்சுட்டுத்தானுங்க வந்தேன். என்னோட வந்தவனும் அதையேதான் சொன்னான். ஊரே உங்க சத்தத்தைச் சொல்லும்போது எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டோமுங்க."

அவர் முகத்தில் முதலில் கோபம் வந்தது. பிறகு நெற்றியைச் சுருக்கி எதையோ தேடினார். அவருக்கே நினைவில்லை என்று எனக்குப் புரிந்தது. கத்திக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது, கை தட்டிக்கொண்டிருந்தது நினைவில்லை. அவ்வளவு புகையில், அறிவு ஒன்றைச் செய்துகொண்டிருக்க, கை தானாக ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. அதை நினைத்து அன்றைக்கு எனக்கு மெய் சிலிர்த்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெஞ்சின் மரப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். இப்படியா என்று கண்ணால் கேட்டார்.

"ஆமாங்கண்ணா. அதேதானுங்க."

அக்கா முகத்திலிருந்து தலைப்பை எடுத்தார். லீடிங் எழுந்து, எங்களுக்காகக் காத்திராமல், டாக்டரம்மா அறைக்குள் போனார்.

அறுவைக்கு முந்தைய நாள் ஒருவர் வார்டுக்கு வந்தார். கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், "டிக்கெட் டிக்கெட்" என்று கத்திய தொண்டையை முன்னமே கொடுத்துவிட்டவர். இப்படி அறுவைக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவர்களைத் தேடி வந்து பார்ப்பதை அவரும் அவரைப் போன்ற சிலரும் ஒரு வழக்கமாக வைத்திருக்கிறார்கள். எதிரில் உட்கார்ந்து சாயா குடித்துக் காட்டினார். கழுத்துத் துளையைக் காட்டினார். விரலால் அதை அடைத்து, "பேடிக்கண்டா" என்று ஒரு வார்த்தை சொன்னார், பயப்படாதே என்று. ஓட்டை டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. பிறகு சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். லீடிங்கும் சிரித்தார். பெரிய பெரிய தீயெல்லாம் பார்த்திருக்கிறேன், அந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் சிரித்ததைப் பார்த்தபோது வந்த வியப்பு எனக்கு எதிலும் வந்ததில்லை.

நிலையத்து ஆட்கள் முறை போட்டுக்கொண்டு வந்து காவல் இருந்தார்கள். ஒருவர் டியூட்டியை இன்னொருவர் பார்த்தார். அறுவை முடிந்து கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போய்வரும்போதெல்லாம் எங்களில் யாராவது ஒருவர் வண்டி ஓட்டினோம். அவர் செய்த வேலையைப் பற்றி டாக்டரம்மா விவரமாக எழுதிக் கொடுத்தார். விடுப்புக்கும் சிகிச்சைக்கும் அலுவலகத்தில் அதை வைத்துத்தான் பேச முடிந்தது. உங்களுக்கு என்னென்ன உதவி உண்டு என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள். நம் ஆட்களுக்குக் கேட்க வெட்கம். எரிகிற வீட்டுக்குள் கூப்பிடாமலே போவோம், அலுவலக மேஜைக்கு முன் நின்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்.

இன்னும் சிலவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். தீ அணைந்ததும் செட்டைக் கழற்றிவிட்டுப் புகைகிற குப்பையைக் கிளறுகிறீர்களே, அதைச் செய்யாதீர்கள். கரியோடு சாப்பிடாதீர்கள். நனைந்த சீருடையை வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுத்துணியோடு போடாதீர்கள். வருஷா வருஷம் உடம்பைக் காட்டுங்கள், காட்டும்போது வேலையை முதலில் சொல்லுங்கள். புக வலிக்குமோ என்று கேட்டால், "வலிச்சிட்டுண்டு டாக்டரே, ஊர்ப் புகை முழுக்க வலிச்சிட்டுண்டு" என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுச் சோதிப்பார்கள்.

லீடிங் பிழைத்தார். ஓய்வு பெற்றுத் தேவிகுளத்துக்கே போய்விட்டார். ஷட்டர் தட்டிய கதையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் மறைக்கவில்லை. எங்கள் நிலையத்தில் அதுவே ஒரு பழக்கமாகிவிட்டது. தோளிலோ சுவரிலோ இரண்டு தட்டு விழுந்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, காரணம் கேட்காமல் வெளியே வர வேண்டும். ஆட்கள் மாற்றலாகிப் போகிற இடத்துக்கெல்லாம் அந்தப் பழக்கமும் கூடப் போனது.

நான் ஓய்வு பெற்ற பிறகு அவரைப் பார்க்கத் தேவிகுளம் போனேன். வீட்டு இளநீர் கொண்டுபோனேன். அவர் காந்தலூர்ப் பூண்டை ஒரு பை நிறையக் கட்டி வைத்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், பயந்து உட்கார்ந்திருக்கும் யாரையாவது பார்த்துவிட்டு வருகிறாராம். பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள், அதைத் தொடவே மாட்டார் என்று அக்கா புகார் சொன்னார். "அந்தக் கொரலு அவருக்குப் புடிக்கலியாம். இப்ப எல்லாத்துக்கும் தட்டுதான். சோறுன்னா மேசையில ஒரு தட்டு, காப்பின்னா ஒரு தட்டு. எனக்கு இந்தச் சத்தமும் காது வலிக்கி."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழ் லயத்தில் ஒரு வீட்டில் தீ. அடுப்பிலிருந்து பிடித்து, கூரைக்கடியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டும் மெத்தையும் எரிந்தன. வீட்டில் ஆள் இல்லை. நிலையத்து வண்டி வந்து பக்கத்து வீட்டுக்குப் பரவாமல் அணைத்தது. நாங்கள் இறங்கிப் போனபோது வேலை முடிந்து எல்லோரும் திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். லயத்து ஜனங்கள் சாயா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஒரு தம்பி, முகமெல்லாம் கரியோடு, கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனான். இளம் தாய் ஒருத்தி குழந்தையோடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, பிள்ளைக்கு ஒரு பொட்டு வச்சு விடுங்க. சும்மா சும்மா கண்ணு பட்டுருது."

வேலந்தாவளத்தில் கேட்ட அதே வேண்டுகோள் மலைமேலும் வந்துவிட்டதே என்று எனக்குத் திக்கென்றது. அவன் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே கட்டை விரலைத் தலைக்கவசத்தில் தேய்த்தான். நான் "வேண்டாமுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் பக்கத்தில் இருந்த லீடிங்கைக் காணவில்லை. அந்தத் தம்பியின் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. நல்ல தட்டு. கிளாஸில் இருந்த சாயா கீழே சிந்தியது.

அவனுக்கு லீடிங்கை முன்பின் தெரியாது. கழுத்தில் துணி கட்டிய யாரோ ஒரு பெரியவர், அவ்வளவுதான். ஆனாலும் அவன் கிளாஸை வைத்தான், எழுந்தான், ஒரு வார்த்தை கேட்காமல் அவர் பின்னால் நடந்தான். நான் அப்படியே நின்று பார்த்தேன். சந்தையோரத்துக் கிடங்கில் ஒரு ஷட்டரில் தொடங்கியது, தொண்டையில்லாத மனிதருக்கு முன்னால், அவரை அறியாத ஒருவனின் உடம்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

லீடிங் அவனைப் பொதுக்குழாய்க்குக் கூட்டிப் போனார். ஒரு வீட்டிலிருந்து சோப்பு வாங்கினார். முழங்கைவரை தேய்த்து, நகத்திடுக்கு, காது மடல், கழுத்து என்று குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவிவிட்டார். கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. தண்ணீர் வெளுக்கும்வரை விடவில்லை. பிறகு அந்தத் தாயைப் பார்த்துக் கண்ணுக்கு மை தீட்டுவதுபோல் சைகை காட்டினார். அவள் ஓடிப்போய் மைச்சிமிழைக் கொண்டுவந்தாள். தம்பி சுத்தமான விரலால் மையைத் தொட்டு, குழந்தையின் கன்னத்தில் பொட்டு வைத்தான். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது.

லீடிங் என்னைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார். மேட்டில் ஏறி வீட்டுக்கு நடந்தார்.

தம்பி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான். "சாருக்குப் பேச வராதா, சார்?"

"இப்பத்தானே பேசுனாருங்க" என்றேன்.